முந்திக்கொண்டவள்

லூயிஸ்டவுன், மொன்டானா
2008 மார்ச் 3

லெப்டினன்ட் கர்னல் நோரீன் பைக் அவர்களுக்கு,

என்னை மறந்திருக்க மாட்டீர்கள். வெஸ்லி ஹால்வர்சன். 1996, 97 இரண்டு வருடம், கோதுமை வயலுக்கு அறுபதடி கீழே, இரும்புக் கதவு போட்ட அறைக்குள், மாதம் எட்டு நாள் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். பத்து ஏவுகணைகளுக்கு நாம் இரண்டு பேர். உங்களிடம் ஒரு சாவி, என்னிடம் ஒரு சாவி, இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால்தான் எதுவும் கிளம்பும்.

நீங்கள் என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தீர்கள். நான் வெளியே வந்தேன். பதினொரு வருடம் ஆகிறது. இப்போது மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். பழைய கதையைக் கிளற இந்தக் கடிதம் எழுதவில்லை. அப்படிச் செய்வதென்றால் முன்பே செய்திருப்பேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஜூனி என்று ஒரு சிறுமி, நான்கு வயது, இரண்டு வருடமாக எங்கள் பொறுப்பில் வளர்கிறாள். அவளைச் சட்டப்படி எங்கள் மகளாக்க மனுப் போட்டிருக்கிறோம். மே 20 விசாரணை. படிவத்தில் ஒரு கேள்வி: மனநிலை காரணமாக எந்த வேலையிலிருந்தாவது நீக்கப்பட்டதுண்டா? ஆமாம் என்று எழுதினேன். "மறைக்கத் தெரியாத மடையன்" என்று என் மனைவி கார்லா தலையில் அடித்துக்கொண்டாள். நீங்கள் எழுதிய தாள் இப்போது நீதிபதியின் மேசையில் இருக்கிறது. நான்கு வரிகளுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறார்.

"கை நடுங்குகிறது. மூன்று வாரமாகத் தூக்கமில்லை. குழந்தையின் முகம் கண்முன் வருவதாகச் சொல்லி அழுதார். உத்தரவு வந்தால் சாவியைத் திருப்ப முடியுமா தெரியவில்லை என்றார்."

எந்தக் குழந்தை என்று நீதிபதி கேட்கிறார். அப்போது எனக்குக் குழந்தையே கிடையாது. நான் என்ன பதில் சொல்வது? எழுதியவர் நீங்கள், விளக்க வேண்டியவரும் நீங்கள்தான். ஒரு பக்கம் போதும். உண்மையாக இருந்தால் அரைப் பக்கம்கூடப் போதும். அது வராவிட்டால் ஜூனியை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மின்னஞ்சல் அனுப்பாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும், அதை வேறு கண்களும் படிக்கும்.

வெஸ்லி ஹால்வர்சன்

*

கலிபோர்னியா
2008 மார்ச் 14

திரு. ஹால்வர்சன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. 1997இல் நான் அளித்த அறிக்கை அப்போதிருந்த விதிகளின்படி, கடமையின் பொருட்டு அளிக்கப்பட்டது. அதன் உள்ளடக்கம் குறித்து இப்போது கருத்துச் சொல்லும் நிலையில் நான் இல்லை. தாங்கள் நேர்மையும் ஒழுங்கும் உள்ளவர் என்பதற்கு நற்சான்றிதழ் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். அலுவலகத் தாளில், முத்திரையோடு இருப்பதால் நீதிமன்றத்துக்கு உதவும் என நம்புகிறேன்.

ஜூன் மாதம் ஒரு ஏவுகணைப் பிரிவின் தலைமையை நான் ஏற்கவிருக்கிறேன். அதற்கான சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே இது தொடர்பாக மேலும் எழுதாதிருப்பது இருவருக்கும் நல்லது.

குழந்தைக்கு நான்கு வயதா? என் கோரிக்கு அப்போது இரண்டு. இப்போது பதின்மூன்று. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே இருக்கிறான், கேட்டால் தோளைக் குலுக்குகிறான்.

தங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம்.

நோரீன் பைக்

*

லூயிஸ்டவுன்
மார்ச் 22

நோரீன்,

இனி "நீங்கள்" எல்லாம் கிடையாது. அந்த மரியாதையை நீயே முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிட்டாய். உன் நற்சான்றிதழும் இந்த உறையிலேயே இருக்கிறது. நான் கேட்டது உண்மையை. நீ அனுப்பியது தபால் தலை ஒட்டிய பூசிமெழுகல்.

உனக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். அக்டோபர் மாதம். மேலே பட்டப்பகல். சமையல்காரர் டூலி பீன்ஸ் சில்லியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் இறக்கி அனுப்பியிருந்தார். நீ தொடவில்லை. அதற்கு முந்தின வாரம் பயிற்சி அறையில் சாவி திருப்பும் ஒத்திகையில் உன் கை இரண்டு வினாடி தாமதம். "கடிகாரம் கழுதை" என்று சிரித்துச் சமாளித்தாய். நானும் சிரித்தேன். அன்று கீழே நீ என் பக்கம் திரும்பாமலே கேட்டாய்.

"ஹால்வர்சன், ஒண்ணு கேக்கவா? சிரிக்கக் கூடாது."

"கேளுங்க மேடம். சிரிக்கிறதும் சிரிக்காததும் கேள்வியப் பொறுத்து."

"நெசமாவே உத்தரவு வந்தா நீ திருப்புவியா?"

"நீங்க சீனியர். நீங்க முதல்ல சொல்லுங்க."

"தெரியலடா. அன்னைக்குச் சாவியப் புடிச்சேன், கோரி மொகம் வந்து நின்னுச்சு. அங்கயும் ஒரு கோரி இருப்பான்ல, அவன் என்ன பண்ணான்? இங்க பாரு கைய. மூணு வாரமாத் தூங்கல."

அப்புறம் அழுதாய். நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். நான் சொன்னது ஒன்றே ஒன்று. "எனக்கும் தெரியல மேடம். தெரியும்னு சொல்றவன் பொய் சொல்றான். ரொட்டியச் சாப்பிடுங்க, ஆறிடும்." அவ்வளவுதான்.

ஆக, நடுங்கியது யார் கை? அழுதது யார்? அந்தத் தாளில் என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டால் எல்லாம் சரியாக இருக்கிறதே, அம்மா! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைச் சுமந்தவன் பனி தள்ளுகிறான், பாவத்தைச் செய்தவள் பிரிவுக்குத் தலைவி ஆகப்போகிறாள். நடக்கட்டும். எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் இப்போது அந்தத் தாள் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது.

ஒரே கேள்வி. ஏன்? நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்?

வெஸ்

*

கலிபோர்னியா
ஏப்ரல் 6

வெஸ்,

நான்கு கடிதம் எழுதி நான்கையும் கிழித்தேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும் என்று கார் சாவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீ ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதுதான் இத்தனை வருடமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

விதி உனக்குத் தெரியும். நம் வேலையில் பல்வலி மாத்திரை தின்றாலும் சொல்ல வேண்டும். வீட்டில் சண்டை என்றாலும் சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரன் வாயிலிருந்து ஒரு சந்தேகம் விழுந்தால் மறுநாளுக்குள் மேலே சொல்லியாக வேண்டும், சொல்லாமல் மறைத்தால் மறைத்தவனும் குற்றவாளி. நான் வாயை விட்டுவிட்டேன். நீ போய்ச் சொன்னால் நான் காலி. சொல்லாமல் இருந்து என்றைக்காவது வெளியே வந்தால் நீ காலி. நீயோ ஆளில்லாத சாலையிலும் வேக எல்லையைத் தாண்டாதவன். இவன் சொல்லாமல் இருப்பானா? விடியவிடிய இதே கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் நம் ஷிப்டு முடிந்து தளத்துக்குத் திரும்பினோம். நான் குளித்துவிட்டு அலுவலகத்துக்கு வருகிறேன், நீ நம் மேலதிகாரி மேஜரின் அறையிலிருந்து வெளியே வருகிறாய். தொப்பி கையில். என்னைப் பார்த்தாய், உடனே தலையைக் குனிந்துகொண்டாய். காது இரண்டும் சிவந்திருந்தன. "சொல்லிட்டான்" என்று நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. நின்று "எதுக்குடா போனே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் என்னைக் கூப்பிடுவதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். உன்மேல் என்ன எழுதுவது? என்னிடம் சரக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இருந்ததை எல்லாம் உனக்கு இருப்பதாக எழுதினேன். நீ எழுதியது சரிதான். அந்தத் தாளில் இருப்பது நான்.

மேஜர் படித்துவிட்டு, "ஹால்வர்சனா? அவன் இப்பத்தானே இங்க வந்து..." என்று ஆரம்பித்தார். "ஆமா சார், அவன் என்ன சொல்லியிருந்தாலும் நம்பாதீங்க" என்று குறுக்கே விழுந்தேன். அவர் தாளைக் கோப்பில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறொரு ஜோடியோடு, வாயைத் திறக்காமல். ஒவ்வொரு ஷிப்டிலும் சாவிப் பெட்டியைப் பார்க்கும்போது, போக வேண்டியவள் இங்கே இருக்கிறாள் என்று தோன்றும். இப்போது இங்கே புதியவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். "மனசுல ஒரு சந்தேகம் வந்தா ஒளிக்காதீங்க, உடனே சொல்லுங்க" என்று என் வாயாலேயே சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் என்னை நம்பிக் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். நேற்று முன்தினம் சோதனைக்காக ஏவுகணை ஒன்றைக் கடல் பக்கம் ஏவினார்கள். குண்டு வைக்காத வெறும் கூடுதான். இருந்தும் ஜன்னல் அதிர்ந்தபோது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பையன் பார்த்துவிட்டான்.

நீ கேட்கும் தாளை நான் எழுதினால் ஜூன் மாதப் பதவி இல்லை, வேலை இல்லை, பெயர் இல்லை. பயமாக இருக்கிறது. உன்னிடம் ஒளித்து என்ன பயன்?

ஒன்று மட்டும் சொல். அன்று மேஜரிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாய்? ஏதோ சொன்னாய், இல்லையா? ஒரு வரி சொல்லியிருந்தாலும் சரி. சொன்னேன் என்று எழுது. கெஞ்சிக் கேட்கிறேன். பாதி பாரமாவது இறங்கும்.

நோரீன்

*

லூயிஸ்டவுன்
ஏப்ரல் 15

நோரீன்,

உன் கடிதத்தைக் கார்லாவும் படித்தாள். "பெருந்தன்மை காட்டுறேன்னு பொய் எழுதித் தொலைச்சிடாத" என்றாள். அவள் சொல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன்.

உன்னைப் பற்றித்தான் பேசினேன். ஆனால் நீ நினைத்தது அல்ல.

அந்த வாரம் ஜோடிகளை மாற்றிப் பட்டியல் போடப்போகிறார்கள் என்று பேச்சு. நான் போய், "சார், என்னை பைக் மேடம் கூடவே போடுங்க" என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்னப்பா, காதலா?" என்றார். காது சிவந்தது அதற்குத்தான். வெளியே வந்தால் நீயே எதிரில் நிற்கிறாய். நான் எங்கே பார்ப்பது?

அவருக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "அதெல்லாம் இல்ல சார். அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. அந்தக் குழிக்குள்ள எனக்கு அது போதும்."

உன் பாரம் இறங்காது. ஏறத்தான் செய்யும். மன்னித்துக்கொள். இல்லை, நான் எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்?

ஆனால் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் மட்டும் கைகட்டி நிற்க முடியவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினார்கள். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, இது நான் இல்லை, நீ என்று. "இது பொய்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மருத்துவர் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்திருப்பார். நான் சொல்லவில்லை. "இதில் உள்ளது உண்மை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதே. அவ்வளவு நல்லவன் இல்லை நான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தச் சாவியை இனி என் வாழ்நாளில் தொட வேண்டாம் என்று யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. நடந்து வந்துவிட்டேன். கை நடுங்குகிற ஒருத்தியை, தூக்கமில்லாத ஒருத்தியை, பத்து ஏவுகணைகளின் முன்னால் உட்கார வைத்துவிட்டு, தெரிந்தே, வந்துவிட்டேன். நான்கு வருடம் இருந்தேன் என்கிறாய். அந்த நான்கு வருடத்தில் ஒரு நாள் ஏதாவது ஆகியிருந்தால்? இந்த ஊர், அந்த ஊர், எத்தனை ஊர்! யார் மேல் பழி? என் மேலும்தான்.

ஊரில் நான் ஏமாற்றப்பட்ட அப்பாவி. கார்லாவும் அப்படித்தான் நம்பியிருந்தாள். கையெழுத்துப் போட்ட கதையை முந்தாநாள்தான் அவளிடம் சொன்னேன். இரண்டு நாளாகத் தட்டை வைக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைலில், வயல் நடுவே, ஏவுகணைக் குழி ஒன்று இருக்கிறது. கம்பி வேலி, சிமெண்ட் மூடி. கார் அந்தப் பக்கம் போனால் ஜூனி கேட்பாள், "உள்ள என்ன?" கிணறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். "கிணறுன்னா வாளி எங்க?" என்கிறாள்.

மே 20. தாள் வேண்டும். உன் வேலை போகும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். எனக்கு வெட்கமில்லை.

வெஸ்

*

கலிபோர்னியா
மே 2

வெஸ்,

உன் கடிதத்தைக் காரில் உட்கார்ந்து படித்தேன். அந்த ஒரு வரியைத் தாண்டி வெகுநேரம் போக முடியவில்லை. "அவங்க பொய் சொல்ல மாட்டாங்க." நீ அதைச் சொல்லி முடித்து நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது, நான் படிவத்தை எடுத்தேன். நீ என்னைத் திட்டியே எழுதியிருக்கலாம்.

நீதிபதிக்கு மூன்று பக்கம் அனுப்பிவிட்டேன். பிரதி இத்துடன். கேள்வியை முதலில் கேட்டவள் நான், நடுங்கியது என் கை, அது என் குழந்தையின் முகம், பயத்தில் முந்திக்கொண்டு உன் பெயரில் எழுதினேன் என்று எல்லாம் இருக்கிறது. நீ ஏன் கையெழுத்துப் போட்டாய் என்பதை எழுதவில்லை. அது உன் வாயால் வர வேண்டியது.

தபாலில் போட்ட கையோடு இன்னொரு பிரதியை என் மேலதிகாரியிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். "நோரீன், இத யாரும் கேக்கலையே" என்றார். "அதான் சார் பதினொரு வருஷம் ஆயிடுச்சு" என்றேன். அடையாள அட்டையை மேசைமேல் வைக்கச் சொன்னார். அதோடு முடியவில்லை. விதிப்படி, கூட வேலை செய்பவர் ஒருவரும் என்னைப் பற்றி எழுதித் தர வேண்டும். என் உதவியாளர் கேப்டன் ஆஸ்ட்ரிட் வெல் என்று ஒரு பெண், இருபத்தெட்டு வயது, என்னிடம் படித்தவள். படிவத்தோடு வந்து கதவருகே நின்றாள்.

"எனக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல மேடம். உங்ககிட்ட நான் ஒரு தப்பும் பாத்ததில்ல."

"உக்காரும்மா. நான் சொல்றேன், எழுது."

சொன்னேன். கை நடுங்குகிறது. தூக்கமில்லை. குழந்தையின் முகம் கண்முன் வருகிறது. உத்தரவு வந்தால் சாவியைத் திருப்ப முடியுமா தெரியவில்லை. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, மனப்பாடமாக வந்தது. அவள் எழுதிக்கொண்டே அழுதாள். நான் அழவில்லை. கீழே கையெழுத்துப் போடும்போது கேட்டாள், "மேடம், என் மேல கோவமில்லையே?" அவளிடம் இருக்கிற அந்த ஒரு கேள்வி அன்று என்னிடம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கோரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோளைக் குலுக்கவில்லை. "அந்த மாமாவுக்குப் பாப்பா கெடைக்குமா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். மூன்று தரம் கேட்டுவிட்டான்.

தீர்ப்பு எதுவானாலும் ஒரு வரி போடு. வேறு எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

நோரீன்

*

லூயிஸ்டவுன்
மே 21

நோரீன்,

கோரியிடம் சொல், கிடைத்துவிட்டாள். நேற்று மதியத்திலிருந்து அவள் ஜூனி ஹால்வர்சன்.

உன் மூன்று பக்கத்தையும் நீதிபதி அம்மா எங்கள் முன்னாலேயே மறுபடி ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டார்.

"மிஸ்டர் ஹால்வர்சன், இது பொய்னு தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

வக்கீல் என் காலை மிதித்தார். அதிர்ச்சி, குழப்பம் என்று ஏதோ சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் உள்ளதைச் சொன்னேன். வெளியே போக வழி கிடைத்தது, பயத்தில் போய்விட்டேன், ஒருத்தியை உள்ளே விட்டுவிட்டுப் போனேன் என்றேன். கார்லா என் கையைப் பிடித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அப்போதுதான் பிடிக்கிறாள்.

"இந்தக் குழந்தைய வளக்குறப்பவும் பயம் வரும். அப்பவும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவீங்களா?"

"தெரியலம்மா" என்றேன். வக்கீலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆனா பயம் வந்தா வாயத் தொறந்து சொல்லிடுவேன். அதுக்கு மேல சத்தியம் பண்ணத் தெரியல."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு முத்திரையை எடுத்தார். ஜூனி வெளியே வராந்தாவில் காவல்காரரிடம் மிட்டாய் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்து இரண்டு தாளை வீணாக்கினேன். வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். என்னை நீ மன்னிக்க வேண்டியதும் இருக்கிறது, அதுவும் உடனே வர வேண்டும் என்று இல்லை.

கோரிக்குப் பள்ளி விடுமுறை எப்போது? இரண்டு பேரும் வாருங்கள். கார்லாவிடம் சொல்லிவிட்டேன். அவள் உன் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள், ஆனால் சாப்பாடு போடுவாள். அது அவள் வழக்கம். நீ யார் என்று ஜூனி கட்டாயம் கேட்பாள், தொணதொணவென்று கேட்பாள். என்ன சொல்வது என்று நானும் கார்லாவும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். வந்து நீயே சொல். பொய் மட்டும் சொல்லாதே.

வெஸ்